மாறாநிலை என்று எடுத்தோம், கணக்கு ஏன் உதைக்கிறது? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

‘ஸ்டெடி ஸ்டேட்’ என்பதற்குத் தமிழில் நூலுக்கு நூல் ஒரு பெயர் இருக்கிறது: உறுதிநிலை, நிலைத்த நிலை, மாறாநிலை. நான் மாறாநிலை என்றே எழுதப் போகிறேன். பெயரில் பெரிய சிக்கல் இல்லை. ‘மாறாத’ என்று காதில் விழுந்ததும் ‘எதுவுமே நடக்காத’ என்று மனம் எடுத்துக்கொள்கிறதே, வினை அங்கேதான் தொடங்குகிறது. ஆய்வகத்தில் வரும் தப்பான அளவீடு, தாளில் வரும் அபத்தமான விடை, கணினியில் முடிவுக்கே வராத ஓட்டம் என்று பலவற்றைக் கிளறிப் பார்த்தால் அடியில் இந்தக் குழப்பம்தான் உட்கார்ந்திருக்கும்.

கணக்குப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அமைப்புக்குள் ஏதோ ஓர் அளவு இருப்பில் இருக்கிறது. அது வெப்ப ஆற்றலாக இருக்கலாம், மின்னூட்டமாக இருக்கலாம், தொட்டி நீராகவும் இருக்கலாம். வரவும் செலவும் ஒரே வீதத்தில் நடந்தால் இருப்பு மாறாது. மாறாநிலை என்றால் இவ்வளவுதான். நிற்பது இருப்பு மட்டுமே. வரவும் செலவும் நடந்துகொண்டே இருக்கும்.

ஆகவே எந்த அறிகுறிக்குப் போகும் முன்பும் மூன்றைக் கேட்டுவிடுங்கள். எந்த அளவின் இருப்பு? எந்த எல்லைக்குள்? எவ்வளவு நேரத்துக்கு? பேட்டரியில் எரியும் ஓர் இழை விளக்கை எடுத்துக்கொள்வோம். இழையை மட்டும் எல்லைக்குள் வைத்தால், சுவிட்சைப் போட்ட ஒரு நொடிக்குள் அது மாறாநிலைக்கு வந்துவிடும். பேட்டரியையும் சேர்த்து எல்லை வரைந்தால் வேதி ஆற்றல் குறைந்துகொண்டே போகிறது, அங்கே மாறாநிலை கிடையாது. பொருள் ஒன்றுதான், கோடு மாறினால் பதிலும் மாறுகிறது.

அறிகுறி: மாற்றத்தைச் சுழியாக்கினேன், ஓட்டமும் சுழியாகிவிட்டது

ஒரு கம்பி. ஒரு முனை 400 கெல்வின், மறுமுனை 300 கெல்வின். மாறாநிலையில் வெப்பநிலை என்ன? ‘மாற்றம் இல்லை, எனவே எங்கும் ஒரே வெப்பநிலை’ என்று முடிவு கட்டி, முழுக் கம்பிக்கும் 350 போட்டுவிடுவார்கள். அப்புறம் வெப்ப ஓட்டம் சுழி என்று வரும். முனைகளில் 400-ம் 300-ம் என்ன ஆயின என்று கேட்டால் பதில் இருக்காது.

காரணம், மாறாநிலையும் சமநிலையும் கலந்துவிட்டன. சுழியாக வேண்டியது நேரத்தைப் பொறுத்த மாற்றம் மட்டுமே. இடத்தைப் பொறுத்த மாற்றம் தாராளமாக இருக்கலாம். கம்பி நெடுகிலும் வெப்பமானிகளைச் செருகியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் தன் அளவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். ஆனால் அடுத்தடுத்த இரண்டு வெப்பமானிகள் ஒரே அளவைக் காட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சீரான கம்பி, பக்கவாட்டில் இழப்பும் இல்லை என்றால் வெப்பநிலை நேர்கோடாக இறங்கும். நடுப்புள்ளியில் மட்டும்தான் 350.

இரண்டில் எது என்று சந்தேகம் வந்தால், வெளித்தொடர்பை மனத்துக்குள் வெட்டிவிட்டுப் பாருங்கள். கம்பியைச் சுற்றிலும் வெப்பக்காப்பு போட்டு மூடிவிட்டோம். உள்ளே ஒன்றுமே மாறவில்லையா? அது சமநிலை. மூடிய கணமே வெப்பநிலைகள் நகரத் தொடங்குகின்றனவா? அதுவரை இருந்தது மாறாநிலை, வெளியிலிருந்து யாரோ தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தாங்கிப் பிடிப்பதற்கு விலையும் உண்டு. அந்தக் கம்பி வழியே 100 வாட் பாய்ந்தால், நொடிக்குச் சுமார் 0.083 ஜூல்/கெல்வின் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) உருவாகிக்கொண்டே இருக்கும். அது முழுவதும் குளிர்ந்த முனை வழியே வெளியேறிவிடுவதால் கம்பியின் என்ட்ரோபி இருப்பு மட்டும் மாறாது. சமநிலையில் இந்த உற்பத்தியே சுழி.

இதே குழப்பம் மின்னியலில் வேறு முகத்தோடு வரும். ‘கடத்திக்குள் மின்புலம் சுழி’ என்று நிலைமின்னியலில் படித்ததை, மின்னோட்டம் பாயும் கம்பிக்கும் அப்படியே கொண்டுவருவார்கள். அந்த விதி மின்னூட்டங்கள் சமநிலைக்கு வந்த கடத்திக்கு மட்டும்தான். மாறாத மின்னோட்டம் பாயும் கம்பிக்குள் மின்புலம் இருந்தே தீரும், அதுதான் எலக்ட்ரான்களைத் தள்ளுகிறது. 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள தாமிரக் கம்பியில் 1 ஆம்பியர் பாயும்போது அவை நொடிக்கு 0.07 மில்லிமீட்டர் அளவில்தான் ஊர்கின்றன. மெதுவான ஊர்வுதான், ஆனால் சுழி அல்ல.

இயக்கவியலிலும் அப்படித்தான். குடை விரியாமல் விழும் வான்குதிப்பாளர் நொடிக்குச் சுமார் 55 மீட்டர் வேகத்தில் முற்றுத் திசைவேகத்தை எட்டிவிடுவார். நிகர விசை சுழி, வேகம் மாறவில்லை. ஆனால் 75 கிலோ எடையுள்ளவர் என்றால் நிலையாற்றல் ஏறத்தாழ 40 கிலோவாட் வீதத்தில் கரைந்து காற்றைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. அவரிடம் போய் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்லிப் பாருங்கள்!

அறிகுறி: மாறாநிலை என்கிறார்கள், வாய்பாட்டில் குளிரும் வீதம் எங்கிருந்து வந்தது?

வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருளின் (அரிதிற்கடத்தி) கடத்தும் திறனை அளக்கும் லீஸ் வட்டுச் சோதனையைச் செய்தவர்களுக்கு இந்தக் கேள்வி தெரியும். மேலே நீராவிக் கலன், நடுவில் அரிதிற்கடத்தியால் ஆன மெல்லிய வட்டு, கீழே பித்தளைத் தட்டு. இரண்டு வெப்பமானிகளும் நிலைக்கு வரும்வரை காத்திருக்கிறோம். பிறகு பித்தளைத் தட்டின் நிறை, தன்வெப்பம், வெப்பநிலை குறையும் வீதம் மூன்றையும் பெருக்குகிறோம். நியாயமான கேள்வி எழ வேண்டும்: வெப்பநிலைதான் மாறவில்லையே, குறையும் வீதம் சுழிதானே?

இதைக் கேட்காமலேயே பதிவேட்டை முடித்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். கேட்டவர் நல்ல மாணவர்.

உண்மையில் இங்கே நடப்பவை இரண்டு சோதனைகள். முதல் சோதனையில் பித்தளைத் தட்டின் வரவும் செலவும் சமம். வரவு, அரிதிற்கடத்தி வழியே இறங்கும் வெப்பம். செலவு, தட்டின் அடிப்பரப்பும் விளிம்பும் காற்றுக்கு இழப்பது. வரவைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் செலவை அளந்தால் போதும். ஆனால் மாறாநிலையில் நின்றுகொண்டு செலவை நேரடியாக அளக்க வழியில்லை, இருப்புதான் அசையவில்லையே. எனவே இரண்டாவது சோதனையில் வரவை வெட்டிவிடுகிறோம். தட்டைக் கொஞ்சம் கூடுதலாகச் சூடாக்கி, தனியாகக் குளிரவிட்டு, அதே வெப்பநிலையைக் கடக்கும் கணத்தில் எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது என்று வரைபடத்தில் பார்க்கிறோம். அந்தக் கணத்தில் செலவு மட்டும் தனியாகத் தெரியும். அதே வெப்பநிலை, அதே சூழல் என்பதால் முதல் சோதனையில் இருந்த செலவும் அதுவே.

கிட்டத்தட்ட அதுவே என்று சொல்ல வேண்டும். குளிரும்போது தட்டின் மேற்பரப்பும் திறந்திருக்கிறது, முதல் சோதனையில் அது மூடியிருந்தது. வாய்பாட்டின் கடைசியில் ஆரமும் தடிமனும் சேர்ந்த ஒரு பின்னம் ஒட்டிக்கொண்டிருப்பது இதைத் திருத்தத்தான். குளிரும்போது மேலே அரிதிற்கடத்தி வட்டை வைத்தே செய்திருந்தால் அந்தப் பின்னத்தைப் போடக் கூடாது. விடை தொடர்ந்து ஒரே பக்கமாக விலகினால் முதலில் இதைப் பாருங்கள்.

அறிகுறி: வெப்பமானி ஐந்து நிமிடம் அசையவே இல்லை, ஆனாலும் அளவு தப்பு

இதில் நானே விழுந்திருக்கிறேன். ஐந்து நிமிடம் ஒரே அளவு, எழுதிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். விடை கண்டபடி வந்தது.

எண்களை வைத்துப் பார்த்தால் புரியும். அமைப்பின் கால மாறிலி (மிச்சத் தூரம் சுமார் 37 சதவீதமாகச் சுருங்க ஆகும் நேரம்) 40 நிமிடம், இறுதி அளவை எட்ட இன்னும் 3 பாகை மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஐந்து நிமிடத்தில் வெப்பநிலை ஏறுவது சுமார் 0.35 பாகை. வெப்பமானியின் மீச்சிற்றளவு, அதாவது அதில் படிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.5 பாகை. ஆக, 3 பாகை தூரம் பாக்கி இருக்கும்போதே கருவி ‘நின்றுவிட்டது’ என்று காட்டும். கருவி பொய் சொல்லவில்லை, நாம்தான் குறைவான நேரம் பார்த்தோம்.

காத்திருக்க வேண்டிய நேரத்தை முன்கூட்டியே மதிப்பிட்டுவிடலாம். எளிய அடுக்குக்குறித் தேய்வில் ஐந்து கால மாறிலிக்குப் பிறகு மிச்சம் 0.7 சதவீதம்தான். கால மாறிலி எவ்வளவு? இரு பக்கமும் வெப்பநிலை பிடித்துவைக்கப்பட்ட ஒரு பாளத்துக்கு, தடிமனின் வர்க்கத்தை வெப்ப விரவல் திறனால் (பொருளுக்குள் வெப்பநிலை மாற்றம் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதன் அளவு) வகுத்து, அதையும் சுமார் 10-ஆல் வகுத்தால் கிடைக்கும். தாமிரத்தின் விரவல் திறன் நொடிக்குச் சுமார் 110 சதுர மில்லிமீட்டர், அசையாத நீருக்கு வெறும் 0.14. 10 சென்டிமீட்டர் தாமிரத்துக்கு 9 நொடி. அதே தடிமனில் அசையாத நீருக்கு இரண்டு மணி நேரம். ஐந்து மடங்கு காத்திருக்க வேண்டுமென்றால் முன்னதற்கு ஒரு நிமிடம் போதும், பின்னதற்கு ஒரு பகல் முழுவதும் போய்விடும். தடிமனை இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அவ்வளவு நேரம் இல்லையா? சம இடைவெளியில் மூன்று அளவீடு எடுங்கள். 60, 66, 69 என்று வந்தால் வித்தியாசங்கள் 6-ம் 3-ம். இரண்டாவது வித்தியாசத்தின் வர்க்கத்தை, இரண்டு வித்தியாசங்களுக்கும் இடையிலான கழித்தலால் வகுங்கள்: 9-ஐ 3-ஆல் வகுத்தால் 3. இன்னும் 3 பாகை பாக்கி, இறுதி அளவு 72. ஒரே ஒரு கால மாறிலி ஆட்சி செய்யும் கட்டத்தில் இது அழகாக வேலை செய்யும். தொடக்கத்தில் பல கால மாறிலிகள் கலந்து கிடக்கும், அப்போது நம்ப வேண்டாம்.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். அமைப்பை ஒருமுறை இறுதி அளவுக்குக் கீழிருந்து வரவிடுங்கள், இன்னொருமுறை வேண்டுமென்றே அதிகமாகச் சூடாக்கி மேலிருந்து இறங்கவிடுங்கள். இரண்டு பாதையும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் வந்து சேர்ந்துவிட்டோம் என்று அடித்துச் சொல்லலாம்.

அறிகுறி: நிற்கவே மாட்டேன் என்கிறது, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது

ஏற்ற இறக்கம் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருகிறதா, வீச்சே கூடிக் குறைகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒரே மாதிரி வந்தால் பிழையே இல்லை, நீங்கள் ஏற்கெனவே மாறாநிலையில்தான் இருக்கிறீர்கள். மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்த சுற்று, சீராகத் தள்ளப்படும் ஊசல் போன்றவற்றில் மாறாதது வீச்சும் கட்டமும் (ஃபேஸ்) தான், கணநேர மதிப்பு அல்ல. இங்கே கணத்துக்குக் கணம் வரவு செலவு பார்க்கக் கூடாது, ஒரு முழுச் சுற்றுக்குப் பார்க்க வேண்டும். சுற்று முடிந்து பார்த்தால் மின்தேக்கியின் நிகர மின்னூட்ட மாற்றம் சுழி, மின்தூண்டியின் சராசரி மின்னழுத்தம் சுழி. ‘மாறாநிலையில் மின்தேக்கி திறந்த சுற்று, மின்தூண்டி வெறும் கம்பி’ என்ற விதியை இங்கே கொண்டுவந்தால் விடை தலைகீழாகும். அது நேர்மின்னோட்டத்துக்கு மட்டும் உரிய விதி.

வீச்சே கூடிக் குறைந்தால், தொடக்கத் தடுமாற்றம், அதாவது டிரான்சியன்ட், இன்னும் சாகவில்லை. அமைப்பின் இயல்பு அதிர்வெண்ணும் தள்ளும் விசையின் அதிர்வெண்ணும் சேர்ந்து விம்மல் உண்டாக்குகின்றன. தடையுறுதல் (உராய்வு போன்ற இழப்பு) இயல்பு அதிர்வைத் தின்று தீர்த்த பிறகு எஞ்சுவது தள்ளும் அதிர்வெண் மட்டுமே. தரக்காரணி (தடையுறுதல் எவ்வளவு குறைவு என்பதைக் காட்டும் எண்) 100 உள்ள அலையியற்றி என்றால் ஒரு கால மாறிலியே சுமார் 32 அலைவுகள். ஐந்து கால மாறிலிக்கு 160 அலைவுகள் ஆகும். இருபது அலைவில் அளவெடுத்துவிட்டு ஒத்ததிர்வு வரைபடம் சரியில்லை என்று புலம்பினால் பயன் இல்லை. தடையுறுதலே இல்லாத அலையியற்றி தன் தொடக்கத்தை ஒருநாளும் மறக்காது, அதை எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் இந்த விம்மல் போகாது.

அறிகுறி: மாறா ஓட்டம் என்கிறார்கள், நீர் முடுக்கமடைகிறதே

இரண்டுமே சரி. குழாய் குறுகி, குறுக்குப் பரப்பு நான்கில் ஒன்றாகிறது. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் நீர் 4 மீட்டர் வேகத்தில் வெளியேறும். இந்த மாற்றம் அரை மீட்டர் நீளத்தில் நடந்தால் முடுக்கம் சராசரியாக 15 மீட்டர்/நொடி². புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஒன்றரை மடங்கு! ஆனால் குழாயில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு அங்கேயே கண்ணை வைத்திருந்தால், அந்த இடத்தைக் கடக்கும் நீரின் வேகம் எப்போதும் ஒன்றே. மாறாநிலை என்பது இடத்தைப் பற்றிய பேச்சு, துளியைப் பற்றியது அல்ல. விசையைக் கணக்கிடும்போது துளியோடு போக வேண்டும்.

நோக்கரும் கணக்கில் வருவார். அமைதியான நீரில் சீரான வேகத்தில் போகும் படகைக் கரையிலிருந்து பார்த்தால் ஓட்டம் மாறிக்கொண்டே இருக்கும். படகில் உட்கார்ந்து பார்த்தால் மாறா ஓட்டம். இடைச்செருகலாக ஒன்று: 1948-இல் ஹாயில், பாண்டி, கோல்டு மூவரும் முன்வைத்த அண்டக் கோட்பாட்டுக்கும் ஸ்டெடி ஸ்டேட் என்றே பெயர். அதில் அண்டம் விரிந்துகொண்டே இருக்கும், புதுப் பொருள் உருவாகி அடர்த்தியை மாறாமல் வைத்திருக்கும். 1965-இல் வெளியான நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சுக் கண்டுபிடிப்புக்குப் பிறகு அந்தக் கோட்பாடு தாக்குப்பிடிக்கவில்லை. ஆனால் பெயரை மிகச் சரியாகத்தான் வைத்தார்கள்.

அறிகுறி: தீர்வே வரவில்லை, அல்லது முடிவில்லாமல் பல தீர்வு வருகிறது

செலவுக்கு வழி வைத்தீர்களா? இருபுறமும் வெப்பக்காப்பிட்ட கம்பிக்குள் ஒரு சூடேற்றியை வைத்துவிட்டு மாறாநிலை வெப்பநிலை கேட்டால் பதில் கிடையாது. வரவு மட்டும் உண்டு, வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். நிலையான மின்னோட்டம் ஊட்டப்படும் தனி மின்தேக்கியும் அப்படித்தான். கணினி இங்கே ஏதாவது பெரிய எண்ணைக் கக்கும், அல்லது அணிக்கோவை சுழி என்று நிற்கும். நிரலைக் குறை சொல்ல வேண்டாம்.

இதைவிட நுட்பமான வகை, ஒரு முனையில் 50 வாட் உள்ளே, மறுமுனையில் 50 வாட் வெளியே என்று இரு எல்லையிலும் ஓட்டத்தையே கொடுத்துவிடுவது. வரவு செலவு சமம், மாறாநிலை உண்டு. முனைகளின் வெப்பநிலை வித்தியாசமும் கிடைக்கும். ஆனால் 300-லிருந்து 400-ஆ, 500-லிருந்து 600-ஆ? சமன்பாட்டுக்குத் தெரியாது. இருப்பு எவ்வளவு என்பதைத் தொடக்கநிலைதான் சொல்ல வேண்டும். ஏதாவது ஒரு புள்ளியில் வெப்பநிலையைப் பொருத்திவையுங்கள், அல்லது மொத்த ஆற்றலைக் கொடுங்கள்.

எல்லையில்லாத ஊடகத்தில் புதைத்த சூடான கோளத்துக்கு மாறாநிலை உண்டு. மிக நீண்ட சூடான கம்பிக்கு இல்லை, வெப்பநிலை மடக்கைப்படி மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும். அந்த ஏற்றத்தின் சாய்விலிருந்தே வெப்பம் கடத்தும் திறனைக் கண்டுபிடிக்கும் சூடான கம்பி முறை ஒன்று இருக்கிறது. மாறாநிலை வராதது சிலருக்கு வசதியாகவும் போய்விட்டது.

அறிகுறி: தொடக்கத்தை மாற்றினால் வேறு முடிவு, அல்லது கணினி ஓட்டம் ஒடுங்கவே இல்லை

நேரியல் அல்லாத அமைப்புகளில் ஒன்றுக்கு மேற்பட்ட மாறாநிலைகள் இருக்கலாம். 1969-இல் புடிகோவும் செல்லர்ஸும் தனித்தனியே புவியின் ஆற்றல் வரவு செலவை எளிய சமன்பாடுகளில் எழுதினார்கள். பனி ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதைச் சேர்த்ததும், அதே சூரியனுக்கு இன்றைய நிலையும் ஒரு விடை, முழுக்கப் பனி மூடிய புவியும் ஒரு விடை. இடையில் இன்னொன்றும் கிடைக்கும், ஆனால் அது நிலையற்றது. சிறிது அசைத்தால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ உருண்டுவிடும். எனவே நேர மாற்றத்தைச் சுழியாக்கிக் கிடைத்த விடையை அப்படியே நம்பாமல், சற்றே அசைத்துத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.

ஓடும் பாய்மத்தில் இதையே வேறு வடிவில் பார்க்கலாம். உருளையைச் சுற்றிய ஓட்டத்தை மாறாநிலை நிரலில் போட்டால், ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் உந்தத்துக்கும் பாகுத்தன்மைக்கும் உள்ள விகிதம்) சுமார் 47-ஐத் தாண்டிய பிறகு பிழை எச்சம் (சமன்பாடு இன்னும் எவ்வளவு பொருந்தவில்லை என்ற அளவு) இறங்காமல் ஆடிக்கொண்டே இருக்கலாம். வலையைப் பொடியாக்கி, ஒவ்வொரு படியிலும் விடையை எவ்வளவு நகர்த்துவது என்ற தளர்வுக் காரணியைத் திருகி நாள் முழுக்கப் போராடுவார்கள். உண்மையில் உருளைக்குப் பின்னால் சுழல்கள் மாறி மாறிக் கழன்று போகின்றன, மாறாநிலைத் தீர்வு நிலையற்றதாகிவிட்டது. நேரத்தைச் சேர்த்து ஓட்டுங்கள். 1 சென்டிமீட்டர் கம்பி மேல் நொடிக்கு 10 மீட்டர் காற்று அடித்தால் சுழல்கள் சுமார் 200 ஹெர்ட்ஸில் கழலும். காற்றில் கம்பி முனகுவது அதனால்தான். முழுக் கொந்தளிப்பு ஓட்டத்தில் சுற்றுக்கூடத் திரும்ப வராது. அங்கே மாறாமல் இருப்பவை சராசரியும் சிதறலும் மட்டும்தான். சராசரி எடுக்கும் நேரத்தை இரட்டித்துப் பார்த்து, விடை அசையவில்லை என்றால் போதும்.

அறிகுறி: கண்ணெதிரே மாறுகிறது, ஆனாலும் மாறாநிலை வாய்பாட்டைப் போடச் சொல்கிறார்கள்

அடியில் சிறு துளையுள்ள தொட்டி. மட்டம் இறங்கிக்கொண்டிருக்கிறது, ஆனாலும் துளையில் வெளியேறும் வேகத்துக்கு மாறா ஓட்ட வாய்பாடு. துளை சிறியது என்பதால் மட்டம் மெதுவாக இறங்குகிறது. ஓட்டமோ அந்தந்த மட்டத்துக்கு ஏற்ப உடனுக்குடன் சரிசெய்துகொள்கிறது. உள்ளே சரியாகும் நேரம், வெளியே மாறும் நேரம் இரண்டையும் ஒப்பிடுங்கள். முன்னது மிகச் சிறியது என்றால் தைரியமாகப் போடலாம். துளை தொட்டியின் பாதி அகலம் என்றால் போடக் கூடாது.

எவ்வளவு சிறியது போதும் என்பதைக் கேள்விதான் முடிவு செய்யும். புவி ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சராசரியாகச் சுமார் 240 வாட் சூரிய ஆற்றலை உட்கொண்டு, கிட்டத்தட்ட அதே அளவை அகச்சிவப்பாக வெளியே அனுப்புகிறது. இரண்டும் சமம் என்று எடுத்தால் கதிர்வீச்சு வெப்பநிலை 255 கெல்வின் என்று வரும். உண்மையில் வரவு இப்போது 1 வாட்டை ஒட்டிய அளவுக்குக் கூடுதல். 255-ஐக் கணக்கிடும்போது அந்த 1 வாட்டைக் கண்டுகொள்ளாமல் விடலாம், விடை கால் பாகை அளவுக்குத்தான் நகரும். கடல் எவ்வளவு வேகமாகச் சூடாகிறது என்று கேட்டால் அந்த 240-ஐ ஒதுக்கிவிடலாம், கணக்கு முழுவதும் அந்த 1 வாட்டில்தான் இருக்கிறது.